நீர் கொணர்தலும் நீர் போக்குதலும்: ஈச்சிலம்பற்றின் புதுக்குடியிருப்புகளை முன்வைத்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

ஆசியச் சமூகங்களின் வரலாற்றை ஆராய்ந்தோர் நீரைக் கொண்டுவரப்படும் பொருளாகவே பெரும்பாலும் நோக்கியுள்ளனர். 1853ஆம் ஆண்டில் இந்தியாவில் பிரித்தானிய ஆட்சி குறித்து எழுதிய மார்க்ஸ், ஆசிய அரசுகளுக்குத் தொன்றுதொட்டு நிதி, போர், பொதுவேலை என்னும் மூன்று திணைக்களங்களே இருந்துவந்தன என்றார். பொதுவேலை என அவர் முதன்மையாகக் கருதியது நீர்ப்பாசனத்தையே. நூறாண்டுகளுக்குப் பின்னர், 1957இல், விற்போகல் இக்கருத்தை அதன் வரலாற்றுச் சூழலிலிருந்து பிரித்தெடுத்து, 'நீரியற் சமூகம்' என்றொரு இறுகிய கோட்பாடாக்கினார். இலங்கைச் சான்றுகளைக் கொண்டு எட்மண்ட் லீச் 1959இலும், ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன 1971இலும் அக்கோட்பாட்டை மறுத்தும் திருத்தியும் எழுதினர். குளங்களைக் கட்டியோரும் ஆண்டோரும் மன்னரா, கிராமத்தவரா, மடாலயங்களா என்பதே அவ்விவாதத்தின் உயிர்நிலை. நீர் எவ்வழி வந்தது, எவர் கட்டளையால் வந்தது என்பன நுணுகி ஆராயப்பட்டன. வந்த நீர் எவ்வழி போயிற்று, மிகுந்த நீர் எவருடைய நிலத்தின்மீது போக்கப்பட்டது என்ற வினாக்களோ பெரிதும் எழுப்பப்படவில்லை.

இது தற்செயலான விடுபாடன்று. நீரைக் கொண்டுவருதல் உபரியை உருவாக்குகிறது. ஒரு துருசு திறக்கும்போது வயல் விளைகிறது. விளைச்சலிலிருந்து வரியும் வாரமும் கிடைக்கின்றன. அவற்றைப் பெறுவோர் தம் பெயரைக் கல்லிற் பொறிக்கின்றனர். நீரைப் போக்குதலால் அவ்வாறான உபரி நேரடியாகத் தோன்றுவதில்லை. அது இழப்பைத் தவிர்ப்பதன்றி வருவாயைத் தருவதன்று. ஆதலால் வடிகாலுக்குக் கல்வெட்டு அரிது. நிலத்தின் மதிப்பு தானே உயரும் இடத்தில் மட்டும், அதாவது குடியிருப்பு நிலமே பண்டமாக மாறும் இடத்தில் மட்டும், வடிகால் வருவாய் தரும் பொருளாகிறது. ஒரு குடியிருப்பில் மழைநீர் எவ்வாறு போக்கப்படுகிறது என்பதை நோக்கினால் அங்குள்ள நில உறவு எத்தகையதென அறியலாம் என்பதே இக்கட்டுரையின் துணிபு. அதனைத் திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள ஈச்சிலம்பற்றை முன்வைத்து நோக்குவோம்.

ஈச்சிலம்பற்று, கொட்டியாற்றுக் குடாவிற்குத் தெற்கே, கடலுக்கும் வெருகலாற்றுக்கும் இடைப்பட்ட தாழ்ந்த நிலப்பகுதி. இதனை உள்ளடக்கிய பிரதேச செயலகப் பிரிவு இன்று வெருகல் எனப்படுகிறது. ஊர்ப்பெயரை ஈச்சிலம்பற்றை என எழுதுவாரும் உளர். 'பற்று' எனின் நிருவாகப் பிரிவு. 'பற்றை' எனின் புதர். ஈச்சம் பற்றைகள் அடர்ந்த மணற்பாங்கான நிலம் என்ற பொருள் இவ்வூருக்கு நன்கு பொருந்துவதே. எழுத்தர்கள் நிருவாகச் சொல்லை விரும்புவது இயல்பு.

மகாவலி கங்கை இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கின் மழைநீரைச் சேர்த்துக்கொண்டு, 335 கிலோமீற்றர் ஓடிக் கிழக்குக் கடலை அடைகிறது. அதன் கிளைகளுள் ஒன்று வெருகலாறு. மத்திய மலைநாட்டில் பெய்யும் மழையின் ஒரு பகுதி இவ்வூர்களின் வாசல்வழியே கடலுக்குச் செல்கிறது என்று கூறினால் அது மிகையன்று. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையான மாரிக்காலத்திற் பெய்கிறது. அதே காலத்தில் வாடைக்காற்றினாற் கடல் கொந்தளித்து நிற்கும், ஆறும் நிரம்பியோடும். வானிலிருந்து விழும் நீர், ஆற்றில் வரும் நீர், கடலால் எதிர்க்கப்படும் நீர் ஆகிய மூன்றும் ஒரே வேளையில் ஒரே நிலத்திற் கூடுகின்றன. வடிகாலமைப்பின் அடிப்படைச் சிக்கல் இதுவே. நீர் வடிவதற்குச் சாய்வு வேண்டும். முகத்துவாரத்தில் நீர்மட்டம் நிலத்திற்குச் சமமாகவோ மேலாகவோ நிற்கும்போது, எவ்வளவு செம்மையாக வெட்டிய கானும் வெறும் நீர்த்தொட்டியாகிவிடும்.

இந்நிலத்தில் வாழ்ந்தோர் இதனை அறிந்திருந்தனர் என்பதற்கு ஊர்ப்பெயர்களே சான்று. இப்பகுதியின் பழைய பெயர்களை அடுக்கிப் பார்த்தால், அவை நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறிக்கும் ஒரு வரைபடமாக அமைவதை அவதானிக்கலாம். பூமரத்தடிச்சேனை, மாவடிச்சேனை, முட்டுச்சேனை என்பன சேனைப்பயிர் செய்யத்தக்க மேட்டுநிலங்கள். கருக்காமுனை நீட்டி நிற்கும் நிலம். சீனன்வெளி திறந்த பரப்பு. இலங்கைத்துறை முகத்துவாரம் என்ற பெயர், நீர் கடலோடு கலக்கும் வாயைச் சுட்டுகிறது. ஆனைத்தீவு என்பதைக் கடலாற் சூழப்பட்ட தீவு எனக் கொள்வதினும், மாரியில் நீர் சூழ்ந்து தனித்து நிற்கும் திடல் எனக் கொள்வதே பொருந்தும். கிழக்கின் வயற்புறங்களில் இவ்வகைத் 'தீவு'கள் பலவுண்டு. மனைகள் திடலிலும் சேனை மேட்டிலும் அமைந்தன. பள்ளம் வயலுக்கும் நீருக்கும் உரியதாயிற்று. சேனைப்பயிர், சிறுவயல், களப்பு மீன்பிடி, காட்டுத்தேன் ஆகியவற்றைச் சார்ந்து வாழ்ந்த இம்மக்களுள் கடற்கரை வேடர் வழிவந்தோரும் அடங்குவர். அவர்களைக் கற்றறிந்தோர் 'பின்தங்கியோர்' என எழுதிவந்துள்ளனர். ஆயினும் மனைக்குரிய நிலத்தைத் தேர்வதில் அவர்கள் பிற்காலத் திட்டக்காரரினும் தெளிவுடையோராய் இருந்தனர். வாழிடத் தேர்வு உற்பத்தியோடு பிணைந்திருந்தமையே அத்தெளிவின் காரணம். வயல் தாழ்ந்திருக்க வேண்டும். ஆகவே வீடு உயர்ந்திருக்க வேண்டும். இது ஞானமன்று, தொழில்.

வறண்ட வலயக் குளக்கிராமங்களிலும் இதே தருக்கத்தைக் காணலாம். ஒரு குளத்தின் வானிற் பாய்ந்த நீரும், வயலிலிருந்து வடிந்த நீரும் கீழுள்ள அடுத்த குளத்திற்குச் செல்லும். 1985இல் மத்தும பண்டார இத்தொடரமைப்பை ஒரு முழுமையாக எடுத்து விளக்கினார். ஒருவரின் வடிகால் மற்றவரின் வாய்க்கால் என்பதால், அங்கு நீரைப் போக்குதல் தனியானதொரு சிக்கலாக எழவில்லை. கிழக்கின் களப்போர ஊர்களில் நிலை சற்று வேறு. அங்கு அடுத்த குளம் இல்லை, கடலே உண்டு. களப்பின் வாயை மணல் மூடிக்கொள்ளும். மட்டக்களப்பில் 'முகத்துவாரம் வெட்டுதல்' எனப்படும் செயல் இதனின்றும் எழுந்தது. மாரி வெள்ளம் வயலை மூழ்கடிக்கும்போது மணற்றிட்டை வெட்டி நீரைக் கடலில் விடுவர். எப்போது வெட்டுவது என்பதில் உழவர்க்கும் மீனவர்க்கும் நலன்கள் ஒன்றல்ல. முன்னதாக வெட்டினால் களப்பு வற்றி மீன் குறையும்; தாமதித்தால் பயிர் அழுகும். இவ்வாறு வடிகால் இங்கு வெளிப்படையான சமூகப் பேரம்பேசலாகிறது. மேற்கூறிய நீரியற் சமூக விவாதத்தில் இதற்கும் ஓரிடம் கிடைத்திருக்க வேண்டும்.

தமிழ்ச் சொல்வழக்கும் நம் கருத்துக்குத் துணைநிற்கிறது. நீரைக் கொண்டுவருவதற்கும் பகிர்வதற்கும் மதகு, தூம்பு, குமிழி, கால், வாய்க்கால், கண்ணாறு எனச் சொற்கள் பெருகிக் கிடக்கின்றன. போக்குவதற்கான சொற்கள் குறைவு. பரிபாடலின் வையைப் பாடலொன்றில் மதுரை மதிலை ஊடறுக்கும் சுருங்கைவழி நீர் பாயும் காட்சி, யானை தன் துதிக்கையால் நீரை உமிழ்வதற்கு ஒப்பிடப்படுகிறது. சுருங்கை என்பது வடமொழிவழி வந்த சொல். கிரேக்க மொழியோடு அதற்குத் தொடர்பு காண்பாரும் உளர். நிலத்தடி நீர்வழிக்குப் பிறமொழிச் சொல் வேண்டியிருந்ததும், அச்சொல் அரசனின் மதிலோடு சேர்ந்தே இலக்கியத்தில் இடம்பெறுவதும் கவனிக்கத்தக்கன. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் இறையிலி நிலங்களைக் கூறுமிடத்து ஊர்நத்தம், பறைச்சேரி, கம்மாணசேரி, சுடுகாடு, ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால் எனத் தனித்தனியே கணக்கிடுகின்றன. மனைநிலமும் சாதியும் ஒரே கணக்கில் எழுதப்பட்ட முறை அது. பிற்கால வழக்கில் 'சாக்கடை' என்ற சொல்லோடு இழிவும், அதனைத் துப்புரவு செய்வோர்மீது தீண்டாமையும் ஏற்றப்பட்டமை தனியே ஆராயப்பட வேண்டியது.

குடியேற்றவாத ஆட்சிக்காலத்திற் குடியிருப்பு நிலம் பண்டமானபோது, வடிகால் புதிய மதிப்பைப் பெற்றது. தமிழ் வாசகர் நன்கறிந்த எடுத்துக்காட்டு சென்னை மாம்பலம். 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தின் பின்னர், நீதிக்கட்சி ஆட்சியில், 1923 தொடக்கம் அங்கிருந்த நெடிய ஏரி வடிக்கப்பட்டு அதன் படுகையில் தியாகராய நகர் எழுந்தது. பூங்காவுக்கும் வீதிகளுக்கும் பனகல், உஸ்மான், நாயர் என அக்கட்சித் தலைவர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. ஏரிக்கு வந்துகொண்டிருந்த மழைநீரை அடையாற்றுக்குக் கொண்டுசெல்லும் கால்வாய் இன்றும் மாம்பலம் கால்வாய் எனவே வழங்குகிறது. உத்தியோகத்தரும் வழக்கறிஞரும் நிலக்கிழாரும் குடியேறிய இந்நகருக்கு வடிகால் திட்டத்தோடே வந்தது. ஏனெனில் வடிகாலின்றி அந்நிலம் விலைபோகாது. இருப்புப்பாதைக்கு அப்பாலுள்ள மேற்கு மாம்பலமோ, குமாஸ்தாக்களும் சிறுவருவாயினரும் வாழ்ந்த பகுதி. தேங்கிய நீருக்கும் நுளம்புக்கும் யானைக்கால் நோய்க்கும் அது நெடுங்காலம் பெயர்பெற்றிருந்தது. ஒரே ஏரிப்புறம், இடையே ஓர் இருப்புப்பாதை. இருபுறமும் இருவேறு வர்க்கங்கள், இருவேறு நீர்நிலைமைகள். 2021 நவம்பரில் தியாகராய நகரின் வீதிகளும் நீரில் மூழ்கின என்பது உண்மை. ஏரியின் நினைவு நிலத்திற்கு உண்டு போலும்.

எங்கெல்சு 1872இல் குடியிருப்புப் பிரச்சினை குறித்து எழுதியபோது, முதலாளித்துவம் இப்பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, வேறிடத்திற்கு நகர்த்துகிறது என விளக்கினார். சென்னையின் தென்புறத்தில் இது சொல்லுக்குச் சொல் நிகழ்ந்துள்ளது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், சுற்றிலுமுள்ள பல ஏரிகளின் மிகைநீரை ஏற்று, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயிற் சேர்ப்பது. ஒரு பெருநகரின் இயற்கை வடிகால். அதன் பெரும்பகுதி குப்பைமேடாகவும் கட்டடங்களாகவும் மாறியபின், எஞ்சியது 2022இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இச்சதுப்பின் அயலிலேதான் குடிசைமாற்று வாரியம் (2021இல் இதன் பெயர் மாற்றப்பட்டது) 2000ஆம் ஆண்டையொட்டிக் கண்ணகி நகரையும், அதன்பின் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளையும் அமைத்தது. 2015 டிசெம்பர் பெருவெள்ளத்தின் பின்னர் அடையாறு, கூவம் ஆற்றோரக் குடிசைவாசிகள் வெள்ள ஆபத்திலிருந்து காக்கப்படுகின்றனர் என்று கூறிப் பெரும்பாக்கத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஆற்றின் கரையிலிருந்து சதுப்பின் கரைக்கு! செம்மஞ்சேரியின் தெருக்களில் 2015இலும் 2020இலும் 2021இலும் நீர் நின்றது. ஏரிப்படுகையில் எழுந்த தியாகராய நகருக்குக் கால்வாய் உடன்வந்தது. சதுப்போரத்தில் எழுந்த செம்மஞ்சேரிக்கு அது பின்னர் கேட்டுப்பெற வேண்டியதாயிற்று. இரண்டிற்குமிடையே பொறியியல் அறிவு எண்பது ஆண்டுகள் வளர்ந்திருந்தது என்பதை மறக்கலாகாது. அறிவு போதாமையாற் செம்மஞ்சேரி மூழ்கவில்லை.

கிழக்கிலங்கைக்கு மீள்வோம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டமும், விடுதலைக்குப் பிந்திய குடியேற்றத் திட்டங்களும் இம்மாகாணத்தின் இனத்தொகையமைப்பை எவ்வாறு மாற்றின என்பது பலரால் எழுதப்பட்டுள்ளது. இங்கு அதனை விரிக்க வேண்டியதில்லை. நம் நோக்கிற்கு முக்கியமானது வேறொன்று. 1950களில் கொட்டியாற்றுப் பற்றில் உருவான அல்லைத் திட்டம் போன்றவற்றிற் குடியேறியோர்க்கு வயற்காணி, மேட்டுக்காணி என இருவகை நிலம் வழங்கப்பட்டது. அவர்கள் பயிர்செய்ய வேண்டியவர் என்பதால் அரசு பள்ளத்தையும் மேட்டையும் பிரித்தறிந்தது. அத்திட்டங்களின் அரசியலை எவ்வளவு கண்டித்தாலும், அவற்றில் வீடு உற்பத்தியிலிருந்து முற்றாகப் பிரிக்கப்படவில்லை என்பதை ஏற்றாக வேண்டும். அப்பிரிவினை நிகழ்ந்தது அண்மைக்காலத்தில், அகதியின் வீட்டில்.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையின் பின்னர், வடக்குக் கிழக்குக் கரையில் 200 மீற்றரும் ஏனைய கரையில் 100 மீற்றரும் வீடமைக்கலாகாத வலயமாக அறிவிக்கப்பட்டன. இவ்விதி பின்னர் தளர்த்தப்பட்டதெனினும், அதற்குள் பல ஊரவர் உள்நிலத்திற்குப் பெயர வேண்டியதாயிற்று. உள்நிலத்தில் அரசின் கையில் உடனடியாகக் கிடைத்தது எந்நிலம்? எவரும் குடியிருக்க விரும்பாது விட்ட நிலமே. மட்டக்களப்பு நாவலடி மக்களுக்குத் திராய்மடுவில் இடமளிக்கப்பட்டது. மடு என்பதன் பொருளை அகராதி பாராமலே எந்தத் தமிழ்ப்பிள்ளையும் கூறும். மாரியில் நீர் தேங்கும் அத்தாழ்நிலத்திற் பல்வேறு தொண்டு நிறுவனங்கள் தத்தம் பங்கிற்கு வீடுகளைக் கட்டின. வீட்டைக் கொடையாளர் கட்டுவர். நிலத்தையும், வீதி, நீர், மின்சாரம் முதலிய பொதுவசதிகளையும் அரசு தரும் என்பதே அக்காலத்து ஏற்பாடு. கொடையாளரின் கணக்கு வீட்டின் எண்ணிக்கை. திறப்புவிழாவிற் சாவி கையளிக்கப்படுவது வீட்டிற்கு. வடிகானுக்குச் சாவி இல்லை.

உரிமையாளரே கட்டும் முறையிலும் நிலை வேறுபடவில்லை. முற்றாக அழிந்த வீட்டிற்கு 250,000 ரூபாய், வேலையின் வளர்ச்சிக்கேற்பத் தவணைகளில் வழங்கப்பட்டது. போருக்குப் பின்னர் வந்த இந்திய வீடமைப்புத் திட்டத்தில் அது 550,000 ரூபாயாயிற்று. இரண்டிலும் உதவியின் அலகு தனிக்குடும்பத்தின் தனிவீடே. அத்திவாரத்திற்கு ஒரு தவணை, சுவருக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று. வீடுகளுக்கு இடையேயுள்ள வெளியில் நிகழ்வது எத்தவணையிலும் அடங்காது. தனியுடைமைச் சிந்தனை ஒரு நன்கொடைப் படிவத்தினுள் எவ்வளவு இயல்பாக நுழைந்துவிடுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது. மழைநீர் காணி எல்லைக்குக் கட்டுப்பட்டதன்று.

ஒரு சிறு கணக்கை இவ்விடத்து நோக்கலாம். 500 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறத்தாழ 4,600 லீற்றர் நீர் வழியும். கிழக்கின் மாரியில் ஒரே நாளில் இவ்வளவு பெய்வது புதுமையன்று. நூறு வீடுகளாயின், கூரைகளிலிருந்து மாத்திரம் 460 கனமீற்றர். அதே இடத்தில் முன்னர் ஈச்சம் பற்றையும் மணலும் இருந்தபோது அதன் கணிசமான பகுதி நிலத்தினுள் இறங்கியிருக்கும். எஞ்சியது மெல்ல ஊர்ந்து பள்ளத்தை அடைந்திருக்கும். இப்போது கூரை, சீமெந்து முற்றம், கொங்கிறீற்று வீதி ஆகியவற்றின்மீது விழும் நீர் சில நிமிடங்களில் ஒருங்கே திரளுகிறது. பொறியியலாளர் வழிநீரைக் கணிக்கும் எளிய சூத்திரம் மூன்றே காரணிகளைக் கொண்டது: பரப்பு, மழையின் செறிவு, நிலத்தின் மேற்பரப்புத் தன்மையைக் குறிக்கும் ஒரு குணகம். முதலிரண்டும் மாறாதிருக்க, மூன்றாவதை நாம் மாற்றிவிடுகிறோம். மாற்றியவர் ஒருவர், நீரை ஏற்பவர் மற்றொருவர் என்பதுதான் இதிலுள்ள சமூகப் பொருள்.

ஈச்சிலம்பற்று மக்களின் அண்மை வரலாறு இப்பின்னணியில் நோக்கப்படல் வேண்டும். 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதை நான்காம் ஈழப்போரின் தொடக்கமாகக் கொள்வர். அம்மதகு வெருகலாற்று நீரைத் திருப்பி, சேருவில, மூதூர்ப் புறங்களின் வயல்களுக்குச் செலுத்துவது. அந்நீரைப் பெற்ற உழவருள் சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் ஆகிய மூவினத்தவரும் இருந்தனர். நீர் மறுக்கப்பட்டமை போருக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. நீர் கொணர்தலே அரசியல் என்ற நம் கூற்றிற்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை. அப்போரில் ஈச்சிலம்பற்று மக்கள் வெருகலாற்றைக் கடந்து வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் ஓடினர். 2007 முதல் அவர்கள் மீளக் குடியமர்த்தப்பட்டனர். ஆழிப்பேரலையால் ஒருமுறையும் போரால் ஒருமுறையும் இடம்பெயர்ந்தோர்க்கு, 2011 தையில் கிழக்கு மாகாணத்தை மூழ்கடித்த வெள்ளம் மூன்றாவது இடப்பெயர்வாயிற்று. அவ்வேளை எவரும் மதகைத் திறக்கக் கோரிப் படை நடத்தவில்லை. நீர் மிகுந்தபோது அது அரசியலன்றி 'அனர்த்தம்' ஆகிவிடுகிறது. நிவாரணப் பொதியோடு அதன் வரலாறு முடிகிறது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை நாடெங்கும் பேரழிவை விளைத்து அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, மகாவலியின் வெள்ளம் கீழிறங்கி மாவிலாற்று அணைக்கட்டை உடைத்தது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் நீர் தரவில்லை என்பதற்காக உலகச் செய்தியான அதே இடம், நீரைத் தாங்க இயலாமையால் மீண்டும் செய்தியாயிற்று. மலைநாட்டில் மண்சரிவில் மாண்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும், ஆற்றின் கடைக்கோடியில் வீட்டை இழந்த உழவர் குடும்பங்களும் ஒரே மழையால் தாக்குண்டோர். சரிவான மேட்டில் லயனும், தாழ்ந்த பள்ளத்தில் மீள்குடியேற்றமும் அமைந்தது நில உறவின் இருமுனைகள் அன்றி வேறல்ல. இத்தொடர்பைக் காணாத ஆய்வு, புவியியலையும் வரலாற்றையும் தனித்தனி அறைகளில் வைத்துப் பூட்டிவிடும்.

இனி, ஈச்சிலம்பற்றுப் போன்றதொரு தாழ்நிலத்தில் அமையும் பெருங்குடியிருப்பிற்கு மழைநீர் வடிகாலமைப்பு எவ்வாறு அமைய வேண்டும் என்ற வினாவை ஒதுக்கிச் செல்லலாகாது. வீதியோரம் கான் வெட்டுவது மாத்திரம் வடிகாலமைப்பன்று. வெளிவாய் நீராற் பூட்டப்பட்டிருக்கும் மணித்தியாலங்களில் நீரைத் தேக்கிவைக்கக் குளமோ தாழ்நிலமோ மனைப்பிரிப்பின்போதே ஒதுக்கப்பட வேண்டும். அவ்வாறு ஒதுக்கினால் வழங்கத்தக்க காணிகளின் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கையால் அளக்கப்படும் திட்டத்தில் முதலிற் பலியாவது அதுவே. ஆற்று நீர் பின்னேறாதபடி வெளிவாயில் ஒருவழிக் கதவு வேண்டும். வீதியை உயர்த்தினால் போதிய மதகுகள் வேண்டும். இன்றேல் வீதியே அணையாகி, ஒருபுறத்து வீடுகளைக் காத்து மறுபுறத்து வீடுகளை மூழ்கடிக்கும். போருக்குப் பின்னர் கிழக்கில் வீதிகளும் பாலங்களும் பெருமளவிற் கட்டப்பட்டன. வெருகல் தோணித்துறையிற் பாலம் வந்தமை மக்களுக்குப் பெரும் பேறு. ஆயினும் உயர்த்தப்பட்ட ஒவ்வொரு வீதியும் நீரின் பழைய வழியைக் கேட்டறிந்து உயர்த்தப்பட்டதா என்பது வேறு கேள்வி.

நீரின் வழிக்கு உரிமையாளர் எவர் என்று தேடினால் விடை சிதறிக்கிடக்கிறது. ஆறும் அணைக்கட்டும் நீர்ப்பாசனத் திணைக்களத்திற்குரியன. சிறுகுளமும் வயல் வாய்க்காலும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தைச் சேர்ந்தன. பெருவீதியின் மதகு வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கும், ஊர் வீதியின் கான் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் தோன்றிய பிரதேச சபைக்கும் உரியன. வீட்டை அமைப்பது வேறோர் அதிகாரசபை அல்லது கொடையாளர். இவற்றுள் மிகக் குறைந்த வருவாயுடையது பிரதேச சபை. வரி செலுத்தும் கடைத்தெருவோ பெருங்கட்டடங்களோ அற்ற வெருகல் போன்ற பிரிவுகளில் அது இன்னும் வறியது. மேலிருந்து வரும் நீர் முழுவதும் இறுதியில் வந்துசேரும் இடமும், அதனைப் போக்குவதற்கு மிகக் குறைந்த பணமுள்ள இடமும் ஒன்றாகவே அமைகின்றன. மகாவலித் திட்டத்தின் பேரணைகள் எழுந்த 1970களிலும் 1980களிலும், மின்சாரமும் பாசனமும் கணக்கிடப்பட்ட அளவிற்கு இக்கடைக்கோடி ஊர்கள் கணக்கிடப்பட்டிருப்பின் இந்நிலை வேறாக இருந்திருக்கும்.

முகத்துவாரம் வெட்டுதலை மீண்டும் எண்ணிப்பார்க்கலாம். இன்று மட்டக்களப்பில் அதனைத் தீர்மானிப்பது மாவட்ட நிருவாகம். ஆயினும் உழவர் அமைப்புகளும் மீனவர் அமைப்புகளும் தம் வாதங்களோடு அங்கு சென்று நிற்கின்றன. முரண்பட்ட நலன்கள் பெயர்சொல்லிப் பேசப்படுகின்றன. பயிரும் மீனும் உற்பத்திப் பொருள்களாதலால் அவற்றின் பெயரால் வழக்காட ஆளுண்டு. புதுக்குடியிருப்பின் வீட்டுக்காரருக்கு அத்தகைய அமைப்பு இல்லை. அவர் பயனாளி எனப் பட்டியலில் எழுதப்பட்டவர். ஒவ்வொரு குடும்பமும் தன் காணியைத் தனித்து மண்ணிட்டு உயர்த்த, அந்நீர் அயற்காணிக்குச் செல்கிறது. அயலார் உயர்த்த, அதற்கடுத்த காணிக்குச் செல்கிறது. மண் வாங்க வசதியற்றவரின் முற்றத்தில் அது கடைசியாக நிற்கிறது.